டையூவில் ஒரே ஒரு பகல்: கோட்டையா, தேவாலயங்களா, கடற்கரையா?

சோமநாதருக்கும் துவாரகைக்கும் போகிற தமிழ்க் குடும்பங்களின் பயணத் திட்டத்தில் எப்படியோ ஒரு நாள் மிஞ்சிவிடுகிறது. ராமேஸ்வரத்தில் ஏறினால் ஓகா வரை ஒரே ரயிலில் போய், துவாரகையை முடித்துக்கொண்டு, கடற்கரை வழியாகவே சோமநாதம் வந்து சேர்ந்தவர்களுக்கு, ஊர் திரும்பும் ரயிலுக்கு முன்னால் கையில் இருக்கும் அந்த ஒரு நாளை கிர் காட்டுக்குக் கொடுப்பதா, டையூவுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி எழுகிறது. டையூ என்று முடிவு செய்தவர்களுக்கு அடுத்த கேள்வி உடனே வந்துவிடும். அந்தச் சின்னத் தீவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? என் உறவிலும் நட்பிலும் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டவர்களுக்குத் துண்டு துண்டாகச் சொன்ன பதிலை இங்கே ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

சோமநாதத்திலிருந்து டையூ சுமார் 85 கிலோமீட்டர். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மதிய உணவும் உச்சிவெயிலில் ஓய்வும் போக, உண்மையில் கையில் நிற்பது காலையில் ஒரு வேளையும் மாலையில் ஒரு வேளையும்தான். தீவு மிகச் சிறியது, ஒரே நாளில் அனைத்தையும் பார்த்துவிடலாம் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். வண்டியிலிருந்து இறங்கி, படம் எடுத்து, மீண்டும் ஏறுவதற்குப் பெயர் பார்ப்பது என்றால் அது சரிதான். முதல் முறை நானும் அப்படித்தான் பத்து இடங்களைச் சுற்றினேன். ஊர் திரும்பியபின், எந்தப் படத்தில் இருப்பது எந்தத் தேவாலயம் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இரண்டாம் முறை இரண்டே இடங்களைப் பார்த்தேன், அவை இன்றும் மனத்தில் கல்லும் சுண்ணாம்புமாக நிற்கின்றன.

உள்ளூர் மக்கள் இந்த ஊரைத் 'தீவ்' என்றே அழைக்கிறார்கள். 'த்வீப' என்ற வடசொல்லின் வழிவந்த பெயர் அது, நம் காதில் தீவு என்றே விழுகிறது. சௌராஷ்டிரக் கரையின் தென்முனையை ஒட்டி, ஒரு குறுகிய கழியால் மட்டும் நிலத்திலிருந்து பிரிக்கப்பட்ட, கிழக்கு மேற்காக நீண்ட தீவு. கிழக்கு முனையில் கோட்டையும் பழைய நகரமும், மேற்கு முனையில் வனக்பாரா என்ற மீன்பிடி ஊரும், இடையில் தென்கரை நெடுக மணலும் பாறையும் இருக்கின்றன. இந்தக் கிடப்பு மனத்தில் பதிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலாவது, வெயில். டையூ நிழல் குறைந்த ஊர். எந்த இடத்தை எந்த நேரத்தில் பார்க்க முடியும் என்பதை வெயில்தான் தீர்மானிக்கும், நம் விருப்பம் அதற்குப் பிறகே.

இரண்டாவது, கால்கள். யாத்திரைக் குழுவில் அறுபதைக் கடந்தவர்கள் இருப்பார்கள். சோமநாதத்திலும் துவாரகையிலும் நின்று நடந்து களைத்த முழங்கால்களோடு அவர்கள் இங்கே வருகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

மூன்றாவது, முன்கதை. சில இடங்கள் தம் கதையைத் தாமே சொல்லும். சில இடங்களில் கதை தெரியாமல் நின்றால் வெறும் சுவர்தான் தெரியும். குழந்தைகளை அழைத்துச் செல்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

நான்காவது, வேறெங்கும் கிடைக்காதது எது என்பது. தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையையும், சாந்தோமையும், கோவாவின் பெரிய தேவாலயங்களையும் பார்த்தவர்களுக்கு டையூ புதிதாக எதைக் கொடுக்கும் என்று கேட்க வேண்டும். மெரினாவையும் திருச்செந்தூரையும் வைத்திருக்கும் நமக்கு இன்னொரு கடற்கரைக்காக ஒரு வேளையைச் செலவிடுவது தகுமா என்பதும் இதே கேள்விதான்.

## கோட்டை

என் சாய்வை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் அது கோட்டையாகத்தான் இருக்க வேண்டும். காரணம் அதன் அளவும் அழகும் மட்டுமல்ல. டையூ என்ற ஊர் ஏன் இருக்கிறது என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது.

தீவின் கிழக்கு முனையில், மூன்று புறமும் கடல்நீர் சூழ, நான்காவது புறம் அகழி வெட்டப்பட்டு நிற்கும் கோட்டை இது. பீரங்கிகள், கொத்தளங்கள், இடிந்த வழிபாட்டுக் கூடம், கலங்கரை விளக்கம் ஆகியவற்றை ஒரே நடையில் பார்க்கலாம். மேல்தளத்தில் நின்று தெற்கே பார்த்தால் அரபிக் கடல், வடக்கே பார்த்தால் கழியின் வாய், மேற்கே பார்த்தால் வெண்சுண்ணாம்புக் கோபுரங்களோடு ஊர். காம்பே வளைகுடாவுக்குள் போகும் கப்பலும் வெளியே வரும் கப்பலும் இந்த முனைக்கு அருகில் வந்தாக வேண்டும். 16-ஆம் நூற்றாண்டில் குஜராத் துணியும் அவுரியும் செங்கடலுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் போன வழி அது. போர்ச்சுகீசியர் அந்த வழியின் கழுத்தில் கைவைக்க விரும்பினார்கள், அவ்வளவுதான் கதையின் கரு.

1509-இல் டையூவுக்கு அருகே நடந்த கடற்போரில், எகிப்தின் மம்லூக்குகளும் குஜராத் சுல்தானும் கோழிக்கோட்டுச் சாமுத்திரியும் சேர்ந்து அனுப்பிய கப்பற்படையை போர்ச்சுகீசிய வைஸ்ராய் பிரான்சிஸ்கோ டி அல்மெய்டா முறியடித்தார். ஆனாலும் ஊர் கைக்கு வரவில்லை. 1531-இல் மீண்டும் தாக்கியும் முடியவில்லை. பீரங்கியால் முடியாததை அரசியல் முடித்தது. 1535-இல் ஹுமாயூனின் படை குஜராத்துக்குள் புகுந்தபோது, துணை தேடிய சுல்தான் பகதூர் ஷா, இங்கே கோட்டை கட்டிக்கொள்ளப் போர்ச்சுகீசியருக்கு இசைவு தந்தார். ஹுமாயூன் திரும்பிப் போனபின் அந்த முடிவை எண்ணி வருந்திய அவர், 1537-இல் பேச்சுவார்த்தைக்காகப் போர்ச்சுகீசியக் கப்பலுக்குப் போய்த் திரும்பும்போது எழுந்த கைகலப்பில் இதே கடலில் மாண்டார். அடுத்த ஆண்டு சூயஸிலிருந்து உதுமானியரின் பெரும் கப்பற்படை வந்து கோட்டையை முற்றுகையிட்டது. 1546-இல் குஜராத் படை மீண்டும் ஏழு மாத அளவுக்கு முற்றுகையிட்டது. இரண்டிலும் கோட்டை விழவில்லை.

இந்த இரண்டாம் முற்றுகையில்தான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இருக்கிறது. கொத்தளம் ஒன்றின் அடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்த்தபோது இறந்தவர்களில், கோவாவில் ஆளுநராக இருந்த ஜோவாவ் டி காஸ்ட்ரோவின் மகனும் ஒருவர். ஆளுநரே படையோடு வந்து முற்றுகையை உடைத்தார். கோட்டை அப்போது கற்குவியலாகக் கிடந்தது, திருப்பிக் கட்டப் பணம் இல்லை. கோவா நகரத்தாரிடம் கடன் கேட்டு எழுதிய கடிதத்தில், ஈடாக மகனின் எலும்பை அனுப்ப நினைத்ததாகவும், உடல் இன்னும் அந்த நிலையை அடையாததால் தன் தாடி மயிரை அனுப்புவதாகவும் எழுதினார். நகரத்தார் பணத்தையும் கொடுத்து, தாடி மயிரையும் திருப்பி அனுப்பினார்கள். இன்று நாம் ஏறி நடக்கும் கோட்டையில் அந்தக் கடனில் எழுந்த மறுகட்டுமானம் இருக்கிறது. அதே காஸ்ட்ரோ 1548-இல் கோவாவில் இறந்தபோது அருகில் இருந்தவர் பிரான்சிஸ் சவேரியார். 1542 முதல் நம் முத்துக்குளித்துறையில், தூத்துக்குடிக்கும் குமரிக்கும் இடையில், பரதவர் ஊர்களில் கால்நடையாக அலைந்த அதே சவேரியார். எங்கோ தொலைவில் இருக்கும் இந்தக் கோட்டை நம் கரையோடு இவ்வளவு நெருக்கமாகத் தொடர்புகொண்டிருப்பது, அங்கே நின்றபோது என்னை நெகிழ வைத்தது.

பகதூர் ஷாவுக்காக 1533-இல் வார்க்கப்பட்ட, இருபது டன் அளவு எடையுள்ள பெரும் பீரங்கி ஒன்று இங்கிருந்து லிஸ்பனுக்குக் கொண்டுபோகப்பட்டு, அந்நகரின் ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோட்டையில் மிஞ்சியிருக்கும் பீரங்கிகளைத் தொட்டுப் பார்க்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளலாம். கடைசிக் குண்டுகள் விழுந்தது 1961 டிசம்பரில். இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். டெல்லி கடலிலிருந்து சுட்டது. டிசம்பர் 19 அன்று, 426 ஆண்டுக்காலப் போர்ச்சுகீசிய ஆட்சி முடிந்தது.

இவ்வளவும் தெரிந்தால்தான் கோட்டை பேசும் என்பதே இதன் குறை. முன்கதை இல்லாமல் போனவர்கள் அரை மணி நேரத்தில் வெளியே வந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் மேல் தவறில்லை. முந்தின நாள் இரவு யாராவது பத்து நிமிடம் கதை சொல்லியிருக்க வேண்டும்.

மறைவாக இருக்கும் இன்னொரு விலை வெயில். மேல்தளத்தில் ஒதுங்க இடம் மிகக் குறைவு. பதினொரு மணிக்குமேல் கல் சூடேறிக் கண்ணும் கூசும், அதன்பின் எந்த வரலாறும் மண்டையில் ஏறாது. காலையில் திறந்தவுடன் உள்ளே போனால் இரண்டு மணி நேரம் நன்றாகக் கிடைக்கும், கிழக்கு நோக்கிய முனை என்பதால் வெளிச்சமும் அப்போதுதான் அழகு. சோமநாதத்திலிருந்து அந்த நேரத்துக்கு வந்து சேர வேண்டுமென்றால் விடியலுக்கு முன் கிளம்ப வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கொத்தளங்களுக்கு ஏறும் சரிவுகளும் படிகளும் சமமாக இல்லை. கைப்பிடிச் சுவர் தாழ்வாகவோ இல்லாமலோ இருக்கும் இடங்களில் சின்னக் குழந்தைகளின் கையை விடவே கூடாது. முழங்கால் வலி உள்ளவர்கள் நுழைவாயில், அகழிப் பாலம், கீழ்த்தளம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டாலும் கோட்டையின் பருமன் புரிந்துவிடும்.

## மூன்று தேவாலயங்கள்

கோட்டையிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில், பழைய நகரத்துக்குள், இருபது ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து எழுந்த மூன்று தேவாலயங்கள் இருக்கின்றன. அசிசியாரின் தேவாலயம் 1593, தோமையாரின் தேவாலயம் 1598, சின்னப்பர் (புனித பவுல்) தேவாலயம் 1601-இல் தொடங்கி 1610-இல் முடிந்தது. மூன்றும் ஒரே ஆட்சியின் கீழ், ஒரே தலைமுறைக் கைகளால் எழுந்தவை. மூன்றுக்கும் மூன்று விதியாக ஆனது. சின்னப்பர் தேவாலயத்தில் இன்றும் திருப்பலி நடக்கிறது. தோமையாரின் தேவாலயம் அருங்காட்சியகமாகிவிட்டது. அசிசியாரின் தேவாலயம் மருத்துவமனையாகப் பயன்பட்டு வந்தது. 1961-க்குப் பின் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவும் புலம்பெயர்ந்துவிட்ட ஒரு சிற்றூரில், கட்டடங்கள் எப்படி உயிர் தங்குகின்றன என்பதற்கு இந்த மூன்றைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் பார்த்ததில்லை.

மூன்றுக்கும் போக வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். சின்னப்பர் தேவாலயம் ஒன்றுக்கு முழுமையாக நேரம் கொடுங்கள். இயேசு சபையினர் கட்டிய இது அமலோற்பவ அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் முகப்பில் சுருள்களும் சிப்பி வடிவங்களும் தூண்களும் நெருக்கமாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கோவாவின் போம் ஜேசு பேராலயத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சாயல் உடனே தெரியும். கோவாவில் வெளிச்சுவர் கரிய கல்லாக நிற்கிறது, இங்கே முழுதும் வெண்மை. மாலை வெயிலில் அந்த வெண்மை மஞ்சளாகி, செதுக்கலின் நிழல்கள் ஒவ்வொன்றாக எழுவதைப் பார்க்க முகப்புக்கு எதிரே கால் மணி நேரம் சும்மா நின்றாலே போதும். உள்ளே மரவேலைதான் பெருமை. பீடத்துக்குப் பின்னால் எழும் மரச்சட்டகத்தின் செதுக்கலில், இந்த ஊர்த் தச்சர்களின் கை தெரிகிறது என்றே எனக்குப் படுகிறது. சௌராஷ்டிர வீடுகளின் வாசற்கால்களையும் சாளரங்களையும் முந்தின நாள்களில் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு, அந்தக் கொடிகளும் பூக்களும் அந்நியமாகத் தோன்றாது.

தோமையாரின் தேவாலயத்தில் இருப்பது வேறு வகை அனுபவம். பல இடங்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்த புனிதர்களின் மரச் சுரூபங்களும் கல்வெட்டுகளும் வழிபாடு இல்லாத கூடத்தில் நிற்கின்றன. வண்ணம் உதிர்ந்த அந்த முகங்களை நெருங்கிப் பார்க்கலாம். உயரத்தில் பீடத்தின்மேல் இருக்கும் சுரூபத்தை அப்படிப் பார்க்க எங்கும் வாய்க்காது. வேளாங்கண்ணியிலும் பனிமயத்திலும் பூவும் மெழுகுவர்த்தியுமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த மௌனம் கொஞ்சம் பாரமாக இருக்கும். நம்பிக்கையுள்ளவர்களை அழைத்துச் செல்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அசிசியார் தேவாலயத்தைச் சாலையிலிருந்து பார்த்தால் போதும். மேட்டில் அதன் நிற்பும் முன்னால் விரியும் படிகளும்தான் அதன் அழகு.

இதில் முழங்காலுக்கு வேலை குறைவு, முன்கதையும் அவ்வளவு தேவையில்லை. உள்ளே நுழைந்ததும் வெயில் இறங்கிவிடும், அதனால் கோட்டைக்கு ஒத்துவராத நண்பகல் நேரத்துக்கும் இது பொருந்தும். ஆனால் இரண்டு இடர்கள் உண்டு. நண்பகலில் கதவு பூட்டியிருக்கக்கூடும், ஆகவே தங்குமிடத்திலோ உணவகத்திலோ அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது. ஞாயிறு காலை திருப்பலி நேரத்தில் போனால், அது அந்த மக்களின் நேரம் என்பதை உணர்ந்து பின்னால் அமைதியாக அமர வேண்டும், கைப்பேசியை வெளியே எடுக்கக்கூடாது. சுற்றுலாக் கூட்டம் நடுவழியில் புகுந்து பீடத்துக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்ததை ஒருமுறை பார்த்தேன்; அங்கிருந்த மூதாட்டிகளின் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

தேவாலயங்களைப் பார்த்து நடக்கும் வழியிலேயே நகரச் சுவரின் ஜாம்பா வாயிலையும் பார்த்துவிடலாம். செந்நிறம் பூசிய வாயிலில் சிங்கங்களும் தேவதூதர்களும் செதுக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டிச் சற்று வெளியே நாய்டா குகைகள். ஊரைக் கட்டக் கல் வெட்டியெடுத்த இடம் என்று சொல்லப்படும் அந்தப் பள்ளங்களில், மேலே திறந்த ஓட்டைகள் வழியே வெளிச்சம் கற்றை கற்றையாக இறங்கும். இளைஞர்கள் படம் எடுக்க விரும்பும் இடம் அது. அரை மணி நேரம் போதும்.

## நீர்க்கோட்டை

கழியின் வாயில், நீருக்கு நடுவே, கப்பல் நங்கூரமிட்டது போல் தெரியும் கல் கட்டடத்துக்குப் பானிகோட்டா என்று பெயர், நீர்க்கோட்டை என்று பொருள். கழிக்குள் நுழையும் படகுகளைத் தடுக்க அமைந்த காவல் கோட்டையாகவும், பின்னாளில் சிறையாகவும் இருந்தது. கரையிலிருந்தும் பெரிய கோட்டையின் மேலிருந்தும் நன்றாகத் தெரியும். படகு கிடைத்தால் அருகில் போய்ச் சுற்றிவரலாம், இறங்கி உள்ளே போக முடியும் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். காற்றும் அலையும் கூடினால் படகே ஓடாது. இதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குவதைவிட, கோட்டையின் வடபுற மதிலில் நின்று பார்ப்பதே போதும் என்பது என் எண்ணம். குழந்தைகள் படகு கேட்டு அடம்பிடித்தால் மட்டும் மாலையில் துறைக்குப் போய்ப் பாருங்கள்.

## தென்கரையும் மேற்கும்

ஊரிலிருந்து மேற்கே போகும் சாலையில் மூன்று இடங்கள் அடுத்தடுத்து வருகின்றன, மூன்றும் மூன்று வகை மனிதர்களுக்கானவை.

புதம் என்ற ஊருக்கு அருகே கங்கேஸ்வரர். கடலோரப் பாறைப் பிளவில் ஐந்து லிங்கங்கள், பாண்டவர் ஐவரும் வழிபட்டவை என்பது நம்பிக்கை. கடல் ஏற்றத்தில் அலை உள்ளே வந்து ஐந்தையும் நனைத்துத் திரும்பும். சோமநாதத்தை முடித்துவிட்டு வருகிற பெரியவர்களுக்கு, டையூவில் எல்லாவற்றையும்விட இதுவே நெஞ்சில் நிற்கும். கோட்டையைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லாத பெரியம்மா ஒருவர், இங்கே ஒரு மணி நேரம் அலை வந்து போவதைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மற்ற எந்த இடத்துக்கும் இல்லாத ஒரு நிபந்தனை இதற்கு உண்டு: ஏற்றவற்ற நேரம். வற்றத்தில் போனால் லிங்கங்கள் உலர்ந்து கிடக்கும், அருகில் இறங்கலாம். ஏற்றத்தில் போனால் அபிஷேகக் காட்சி கிடைக்கும், கால் வைக்கும் படி வழுக்கும். அன்றைய நேரத்தை உள்ளூர் மீனவர்களிடமோ தங்குமிடத்திலோ கேட்டு, ஏற்றம் தொடங்கும்போது போவது சிறந்தது.

அதே கரையில் குக்ரி நினைவிடம். 1971 போரில், டிசம்பர் 9 அன்று இரவு, ஐ.என்.எஸ். குக்ரி போர்க்கப்பலை டையூவுக்கு அப்பாலுள்ள கடலில் பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் ஹங்கோர் மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர்நீத்தனர். கப்பலின் தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வெளியேறாமல் அதனோடே போனார், மறைவுக்குப் பின் மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. கண்ணாடிக்குள் கப்பலின் மாதிரி இருக்கிறது, பின்னணியில் அதே கடல். மாலை நேரத்தில் இங்கே அமர்ந்திருப்பதற்கு எந்த முன்கதையும் வேண்டாம், பெயர்ப் பலகையே போதும். அதே பெயரில் பின்னர் வந்து 1989 முதல் 2021 வரை பணியாற்றிய இன்னொரு கப்பலும் ஓய்வுக்குப் பின் டையூ நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இன்னும் மேற்கே நாகோவா கடற்கரை, குதிரை லாடம் போல வளைந்த மணல். அங்கே நம் கண் தேடிப்போய் நிற்பது ஹோக்கா பனைகளில்தான். பனை என்றால் ஒற்றைத் தண்டாக நேரே உயர்வது என்று பழகிய நமக்கு, கிளை கிளையாகப் பிரிந்து ஒவ்வொரு கிளை நுனியிலும் ஓலைக் கொத்தோடு நிற்கும் பனை வியப்பாகவே இருக்கும். கடலில் குளிக்கவும் படகு விளையாட்டுக்கும் வருபவர்களால் விடுமுறை நாள்களில் கூட்டம் நெருக்கும், ஆரவாரமும் மிகும்.

கடலுக்காக மட்டும் டையூவுக்கு வரத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் கங்கேஸ்வரரையும் குக்ரியையும் மாலையில் சேர்த்துப் பார்ப்பது வேறு. அதற்கு நடையும் குறைவு, வெயிலும் தணிந்திருக்கும்.

## கணக்கில் வராத செலவுகள்

குஜராத்தில் மதுவிலக்கு உண்டு, ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த டையூவில் இல்லை. இதனால் வார இறுதியிலும் நீண்ட விடுமுறையிலும் தீவு நிரம்பி வழியும், அறை வாடகை ஏறும், திரும்பும் வழியில் எல்லைச் சாவடியில் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பதால் நேரம் போகும். மதுபுட்டியோடு எல்லை தாண்டுவது குஜராத்தில் குற்றம். வாடகை வண்டியில் வேறு யாரோ வைத்த பொருளுக்கும் பதில் சொல்ல வேண்டி வரலாம் என்பதால், கிளம்பும் முன் ஓட்டுநரிடம் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். அன்றிரவே சோமநாதத்தை ஒட்டியுள்ள வேராவலில் ரயில் பிடிக்க வேண்டியவர்கள் இந்தத் தாமதத்துக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். முடிந்தால் செவ்வாய், புதன் போன்ற வார நடுநாளில் போவதே நல்லது.

பருவமும் ஒரு செலவுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் கொந்தளிப்பும். அப்போது கோட்டையின் பாசி படிந்த படிகள் ஆபத்தானவை, கடலில் இறங்கவே கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் கோட்டைக்குக் காலை ஒன்பது மணியே தாமதம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை எந்தத் தேர்வும் பொருந்தும்.

| அளவுகோல் | கோட்டை | தேவாலயங்கள் | நீர்க்கோட்டை | தென்கரை |
|---|---|---|---|---|
| தேவைப்படும் நேரம் | 2 மணி நேரம் | ஒன்றரை மணி நேரம் | படகில் போனால் 1 மணி நேரம் | 2 முதல் 3 மணி நேரம் |
| ஏற்ற வேளை | திறந்தவுடன் | நண்பகல் அல்லது மாலை | மாலை | மாலை, ஏற்றம் தொடங்கும்போது |
| வெயில் | கடுமை | குறைவு | படகில் கடுமை | மாலையில் இல்லை |
| முழங்கால் | சிரமம் | எளிது | படகில் ஏறுவது சிரமம் | கங்கேஸ்வரர் படிகள் மட்டும் |
| முன்கதை | கட்டாயம் | கொஞ்சம் | வேண்டாம் | வேண்டாம் |
| வேறெங்கும் கிடைக்காதது | முற்றுகைகளின் களம் | ஒரே ஊரில் மூன்று விதிகள் | கழி வாயின் காட்சி | அலை நனைக்கும் லிங்கங்கள், கிளைப்பனை |
| ஏமாற்றம் எப்போது | கதை தெரியாமல் போனால் | கதவு பூட்டியிருந்தால் | காற்று கூடினால் | விடுமுறைக் கூட்டத்தில் |

## யாருக்கு எது

வரலாற்றில் ஆர்வமுள்ள இருவர், நல்ல கால்களோடு, காலையிலேயே வந்து சேர முடிந்தால்: காலை கோட்டை, மாலை சின்னப்பர் தேவாலயம். வேறெதையும் சேர்க்க வேண்டாம். கோட்டையைப் பார்த்தபின் போனால்தான், கடலோடு இவ்வளவு போராடிய மக்கள் எப்படிப்பட்ட மன்றாட்டோடு அந்த வெண்முகப்பை எழுப்பியிருப்பார்கள் என்பது உறைக்கும். வரிசையை மாற்றினால் அது கிடைக்காது.

பெற்றோரையோ மூத்த உறவினரையோ அழைத்து வரும் யாத்திரைக் குடும்பங்கள் கோட்டையைப் பற்றிக் குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. பதினொரு மணிக்கு வந்து சேருங்கள், சின்னப்பர் தேவாலயத்தின் குளிர்ச்சியில் அமருங்கள், உண்டு ஓய்வெடுத்து, மாலையில் கங்கேஸ்வரர், பின் குக்ரி. கோட்டையின் மதிலை வண்டியிலிருந்தே காட்டி, தாடி மயிரை அடகு வைத்த கதையைச் சொன்னால் போதும். அந்தக் கதையைக் கேட்டபின் என் குழுவில் இருவர் தாமாகவே இறங்கி அகழிப் பாலம்வரை நடந்தார்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தைகள் இருந்தால் கோட்டையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பீரங்கிமேல் கைவைத்து நிற்கும்போது பிள்ளைகளுக்கு வருகிற கேள்விகளுக்கு வகுப்பறை ஈடாகாது. அதைவிடச் சிறியவர்களுக்கு நாய்டா குகைகளும் நாகோவா மணலும் கிளைப்பனையும் போதும், மதில்மேல் அவர்களைப் பிடித்துக்கொண்டே நடப்பதில் பெரியவர்களுக்கும் எதுவும் பார்க்கக் கிடைக்காது.

கோவாவை நன்றாகப் பார்த்தவர்கள் தேவாலயங்களைக் குறைத்து, தோமையாரின் அருங்காட்சியகத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தரங்கம்பாடியை மட்டும் பார்த்தவர்களுக்குக் கோட்டையின் பருமனே புதிது, அதை விடக்கூடாது.

ஓர் இரவு தங்க முடிந்தவர்களுக்குத் தேர்வின் கடுமை தளர்ந்துவிடும். பிற்பகலில் வந்து, குக்ரி நினைவிடத்தில் மாலையைக் கழித்து, மறுநாள் கோட்டை திறக்கும்போது வாசலில் நின்று, வெயில் ஏறும் முன் இறங்கி, சின்னப்பர் தேவாலயத்தில் அரை மணி நேரம் அமர்ந்துவிட்டு, கோக்லா பாலத்தைத் தாண்டி ஊனா வழியாகப் புறப்பட்டால், மாலைக்குள் வேராவலில் ரயில் நிலையத்தில் இருக்கலாம்.